தூளியில் கெண்டை

கேள்வி: கெண்டை மீன்பிடிப் போட்டியில் தூண்டில் போடாதவர்களுக்கு என்ன வேலை?

பதில்: தூக்கம் போடாத வேலை! பிரான்சின் மதீன் ஏரி சுமார் 1,100 ஹெக்டேர். அங்கே நடந்த உலகக் கெண்டைப் போட்டிகளில் இரவு பகலாகப் பல நாள் தூண்டில் நீரில் கிடக்கும். நடுநிசியில் மீன் சிக்கினாலும் போட்டியை மேற்பார்வையிடும் மார்ஷல் தராசோடு ஓட வேண்டும். தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, மழைக்கோட்டு எல்லாம் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் தூளி. ஆம், மீனுக்கும் தூளிதான்! அதை நனைத்துத் தராசில் மாட்டி, எடையைப் பூஜ்யத்தில் நிறுத்திய பிறகே மீனை இடுவார்கள். காய்ந்த துணி பட்டால் மீனின் உடம்பைக் காக்கும் வழுவழுப்பு உரிந்து, நோய் தொற்றும். தரையில் ஈர மெத்தை, தூண்டில் முள் குத்திய காயத்துக்கு மருந்து, பக்கத்திலேயே ஒரு வாளி ஏரித் தண்ணீர்.

எடை குறித்ததும் கெண்டை உயிரோடு ஏரிக்குத் திரும்பும். குழம்புச் சட்டிக்கு அங்கே இடமில்லை.