பத்தாவது ஆள் வரட்டும்

ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்தால் அவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் அப்போது அது தொழிற்சாலை. ஒரு தலை குறைந்தாலும் அது கொட்டகை, தாழ்வாரம், பின்கட்டு என்று எதுவாகவும் இருக்கலாம், தொழிற்சாலையாக மட்டும் இருக்க முடியாது. தொழிற்சாலை இல்லையென்றால் ஆய்வாளர் வர வேண்டியதில்லை. ஆய்வாளர் வராத இடத்தில் விபத்து பதிவாகாது. பதிவாகாத விபத்து நடக்கவே இல்லை. ஆகவே ஆரணி பத்திரமான ஊர்.

ரசாயனங்களும் இந்தச் சட்டத்தைப் படித்திருக்கும் என்று நம்புவோம். அமிலக் கேன் சரிவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "ஒன்பது பேர்தானா, அப்படியானால் போகட்டும்" என்று தானே நிமிர்ந்துகொள்ளும்.

சேலை விஷயத்தில் நம் நாடு இவ்வளவு அலட்சியமாக இருப்பதில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் நெய்து ஆரணி என்று பெயர் வைத்தால் வழக்குப் போடலாம். பட்டு அசல்தானா என்பதற்கு சில்க் மார்க் சீட்டு தொங்குகிறது. ஜரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை என்று புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் வரை சொல்ல இயந்திரம் இருக்கிறது. அந்தச் சேலைக்கு நிறம் ஏற்றியவன் மூச்சுக்குள் என்ன எத்தனை சதவீதம் போனது என்று அளக்கத்தான் இன்னும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் நோட்டீஸ் அந்த ஏழைக்குத்தான் போகும். பட்டறைக்காரரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்கு முன்னால்தான் நிற்கிறார், அவர் கையும் முழங்கை வரை ராணி கலரில்தான் இருக்கிறது. கோறாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை எடுக்க வேண்டும். பிறகு சாயம், சாயம் பிடிக்க அமிலம். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளுப்பு போதவில்லை, அல்லது சாயம் தவறிவிட்டது, உரித்தெடுக்க வேண்டும் என்றால் ஹைட்ரோஸ்.

ஹைட்ரோஸ் என்று எல்லோரும் சொல்வது சோடியம் ஹைட்ரோசல்பைட். வெள்ளைப் பொடி, பார்க்க மைதா மாதிரி. இரும்பு டிரம்மில் பிளாஸ்டிக் பை போட்டு வரும். மூடியின் வளையம் முதல் நாளே தொலைந்துபோகும். அதற்குப் பதில் ஒரு பலகை, பலகை மேல் ஒரு செங்கல். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மக்கு. அண்டாவைக் கலக்கிய ஈரக்கையோடு அந்த மக்கை எடுத்து அள்ளி, சொட்டச் சொட்ட மறுபடி உள்ளேயே போடுகிறார்கள். மேலே ஓடு. ஓட்டில் விரிசல். வடகிழக்குப் பருவமழை ஆரணிக்கும் உண்டு.

இந்தப் பொடிக்கு ஒரே ஒரு குணம் தெரிந்தால் போதும். கொஞ்சம் ஈரம் பட்டால் தானே சூடேறும். சூடு ஏற ஏறச் சிதையும். சிதைந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். தீக்குச்சி கிழித்த நெடி, நூறு மடங்கு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஆகவே அது முதலில் போய்ச் சேர்வது தரையில் உட்கார்ந்து நூல் சுற்றும் பெண்ணிடம், அவள் பக்கத்தில் பாயில் தூங்கும் குழந்தையிடம். பிறகு டிரம் கனன்று எரியும். நெருப்பு வைக்க யாரும் வர வேண்டியதில்லை.

இப்போது அவசரகால நடவடிக்கை. அதற்கும் நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது. சிவப்பு வாளி, உள்ளே மணல், வெளியே ஆங்கிலத்தில் தீ என்று எழுத்து. மணலில் பீடித் துண்டுகளும் வெற்றிலை எச்சிலும். அந்த வாளியை அப்படியே கொட்டினாலும் ஹைட்ரோஸ் அணையாது. அது எரியக் காற்று தேவையில்லை. மூடினாலும், சாக்குப் போட்டு அமுக்கினாலும், மணல் கொட்டினாலும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இன்னும் மோசம். அதை நிறுத்த ஒரே வழி வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சி மூழ்கடிப்பது. அதற்கு வசதி இல்லையென்றால் எதையும் தொடாமல், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 101க்கோ 112க்கோ சொல்ல வேண்டும். சொல்லும்போது 'ஹைட்ரோஸ்' என்ற பெயரையும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். தீயணைப்பு வீரர் கையேட்டில் இந்தப் பொருளுக்கென்றே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பட்டறையில் எழுதி வைத்திருப்பது 'கடன் அன்பை முறிக்கும்'.

வெள்ளமாகத் தண்ணீர் என்றதும் கமண்டல நாகநதியைப் பார்க்கிறீர்களா? அது வருடத்தில் பல மாதம் வெறும் மணல்.

இதெல்லாம் படிக்காத நாட்டில் நடக்கிற கூத்து என்று யாரும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். 1995 ஏப்ரல் 21, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் லோடி என்ற ஊர். நாப் டெக்னாலஜிஸ் என்ற ஆலையில் இதே ஹைட்ரோஸையும் அலுமினியத் தூளையும் கலக்கும் வேலை. கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் மருந்து அது. கலக்கும் எந்திரத்துக்குள் தண்ணீர் கசிந்தது. பொடி சூடேறி நாற்றமும் ஆவியும் கிளம்பின. தொழிலாளர்களை வெளியேற்றினார்கள், அதுவரை சரி. பிறகு, எந்திரத்தைக் காலி செய்யுங்கள் என்று சிலரைத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஆனால் அங்கே அரசின் இரண்டு துறைகள் சேர்ந்து விசாரித்து, எந்த இடத்தில் தண்ணீர் புகுந்தது, யார் என்ன நினைத்து என்ன செய்தார்கள் என்று அறிக்கை எழுதி வெளியிட்டன. அதனால்தான் ஆரணியில் உட்கார்ந்துகொண்டு நான் அதைச் சொல்ல முடிகிறது. ஆரணியில் நடந்தால் லோடியில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? அடுத்த தெருவில் இருப்பவனுக்கே 'கேஸ் வெடிச்சிருச்சு' என்றுதான் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் இந்த விவரம் எல்லாம் டிரம்மோடு வர வேண்டும். 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகள் அப்படித்தான் சொல்கின்றன: கலத்தின் மேல் விவரம், கூடவே பாதுகாப்பு விவரத்தாள். உலக முறைப்படி அந்தத் தாளில் பதினாறு பகுதிகள். நான்காவது முதலுதவி, ஐந்தாவது தீ, ஆறாவது சிந்தினால் என்ன செய்வது, ஏழாவது எப்படிக் கையாள்வது, எப்படி வைப்பது. அருமையான தாள். அது மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில், பத்திரமாக இருக்கிறது. ஈரம் படவே படாது.

டிரம்மில் ஒட்டியிருக்கும் சாய்சதுரம் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு, நடுவில் சுடர். தானே தீப்பற்றும் பொருள் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் 1384 என்று ஓர் எண். அந்த நான்கு இலக்கத்தைப் போனில் சொன்னால் உலகில் எந்தத் தீயணைப்பு நிலையமும் பொருளைக் கண்டுபிடித்துவிடும். அதன் மேல்தான் பட்டறையில் கூலிக் கணக்கைச் சாக்பீஸால் எழுதுகிறார்கள். பெட்டிக்கடையில் விற்கும் எலி மருந்தில்கூடத் தமிழில் 'விஷம்' என்று இருக்கிறது. ஆளை எரிக்கும் பொடிக்கு மட்டும் ஆங்கிலம் படித்தவன் மேல்தான் அக்கறை.

டிரம் காலியானால் கதை முடிந்ததா? முடியாது. கழுவி, குப்புறக் கவிழ்த்துக் காயவைத்து விற்றால், வாங்கிப்போகிறவர் வீட்டில் அது தண்ணீர்ப் பீப்பாய். இதே ஹைட்ரோஸ்தான் சேலம் பக்கத்து ஆலைகளில் வெல்லத்தைப் பொன்னிறமாக்கப் பாகில் விழுகிறது. பொங்கல் நெருங்கினால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பறிமுதல் செய்து படம் எடுத்துக்கொள்வார்கள். அதாவது இந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் அரசாங்கத்துக்குக் கோபம் வருகிறது. நுரையீரலுக்குள் போனால் வருவதில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். சட்டத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவில், நனைத்த துணியை முகத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் ஆயிரக்கணக்கானோர் ஓடி ஓடியே செத்தார்கள். அந்த வெட்கத்தில் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987இல் திருத்தி, ஆபத்தைத் தொழிலாளிக்கும் ஊராருக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது: அபாயகரப் பொருளால் விபத்து நடந்து வெளியாள் ஒருவர் செத்தால் உடனடி நிவாரணம் 25,000 ரூபாய் என்று அப்போது எழுதினார்கள். ஓர் அசல் ஜரிகை முகூர்த்தப் பட்டின் விலை. இதிலும் தொழிலாளிக்கு இடமில்லை, அவருக்கு வேறு சட்டம். 1996இல் ரசாயன விபத்து விதிகள். மத்தியில் ஒரு குழு, மாநிலத்தில் ஒரு குழு, மாவட்டத்தில் ஒரு குழு. இத்தனை குழுவும் டன் கணக்கில் ரசாயனம் வைத்திருப்பவரைப் பார்க்கவே பிறந்தவை. ஒரு டிரம் வைத்திருப்பவர் அவர்கள் கண்ணில் படமாட்டார்.

சரி, பத்துப் பேருக்கு மேல் இருந்து, பலகையும் பதிவேடும் இருந்து, எல்லாச் சட்டமும் பொருந்திய இடத்தில் என்ன நடந்தது? அதிக தூரம் போக வேண்டாம், பக்கத்திலிருக்கும் ராணிப்பேட்டைக்குப் போங்கள். 2015 ஜனவரி 31 விடியாத நேரம், சிப்காட்டில் தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பட்டறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சட்டம் கேட்ட எண்ணிக்கை சரியாக இருந்தது. அதே ஊரில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடிக் கிடக்கிறது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல், பல ஆண்டு மழையில் ஊறி நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. ஆலையை மூட முடிந்த அரசாங்கத்துக்குக் குப்பையை அள்ளக் கால் நூற்றாண்டு போதவில்லை.

சென்னை மணலியில் 2015இல் பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட் எழுநூறு டன் அளவுக்குக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? 2020 ஆகஸ்ட் 4 அன்று அதே ரசாயனத்தால் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் நமக்கு அது ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினோம். மணலிக்காரர் உயிருக்கு லெபனானில் முன்பணம் கட்டினார்கள். ஆரணிக்காக யார் கட்டுவது?

வருடா வருடம் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் வருகிறது. பெரிய ஆலைகளில் உறுதிமொழி, பேட்ஜ், ஒத்திகை. மயங்கி விழுந்தவராக நடிக்கும் ஊழியர் ஸ்ட்ரெச்சரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். பட்டறைத் தெருவில் ஒத்திகை கிடையாது, நேரடியாக நாடகம்தான்.

கடைசியாக நல்ல செய்தி ஒன்று. பழைய சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. இனித் தொழிற்சாலை என்று பெயர் வாங்க மின்சாரத்தோடு 20 பேர், மின்சாரமில்லாமல் 40 பேர் வேண்டும். ஒன்பது பேருக்கு மட்டும் இருந்த பாதுகாப்பைப் பத்தொன்பது பேருக்கு விரிவுபடுத்திவிட்டார்கள். பத்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இனி இருபதாவது ஆளைத் தேடலாம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால் தலை எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை, ஒரே ஆள் வேலை செய்தாலும் சட்டம் பொருந்தும். ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று பட்டை நம்பி வாழும் ஊர்கள் தம் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்க வேண்டியது அந்த அறிவிப்பைத்தான். அது வரும்வரை பட்டறைக்கு ஹைட்ரோஸ் விற்கும் வியாபாரிகள் டிரம்முக்கு ஒரு தாள் ஒட்டட்டும். ஈரக்கை படக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், புகைந்தால் மணல் கொட்டாதே, எல்லோரும் வெளியே ஓடிப் பெயரைச் சொல்லித் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடு. நான்கு வரி, தமிழில். ஒவ்வொரு சேலைப் பெட்டிக்குள்ளும் 'உலர் சலவை மட்டும்' என்று அச்சடித்த சீட்டு போட நம்மிடம் காசு இருக்கிறது.