பழைய அட்டையைத் தலைமுழுகிய வரலாறு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறு எந்த வித்தை கைவராவிட்டாலும், வீட்டிலுள்ள வேண்டாத வஸ்துக்களைக் கழித்துக்கட்டும் வித்தை மட்டும் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. கம்பி ஒடிந்த குடைகளையும், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று எவருக்கும் ஞாபகமில்லாத சாவிக் கொத்துகளையும் அப்புறப்படுத்தி முடித்த நான், என் பணப்பையின் அடியில் பல்லாண்டுகளாகச் சயனம் கொண்டிருந்த பழைய கிரெடிட் கார்டையும் அவற்றின் பின்னே அனுப்பிவிட எண்ணியதில், உலகத்தார் ஆட்சேபிக்கக்கூடிய விஷயம் ஏதேனும் இருக்குமென்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

அந்த அட்டை என்னிடம் வந்து சேர்ந்த விதம் மிகச் சாதாரணமானது. டை கட்டிய வாலிபர் ஒருவர் எங்கள் அலுவலகக் கேண்டீன் வாசலில் நின்றுகொண்டு, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிரயாணப் பை இனாம் என்று பிரகடனம் செய்தபோது, பையின்மேல் கொண்ட ஆசையால் அட்டையையும் ஏற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பையின் ஜிப் முதல் பிரயாணத்திலேயே உயிர் நீத்தது. அட்டையோ சிரஞ்சீவியாக இருந்து, தீபாவளி ஜவுளிக்கு ஒரு தடவை தேய்க்கப்படுவதைத் தவிர வேறு கைங்கரியம் எதுவும் செய்யாமல், ஆண்டுதோறும் 500 ரூபாய் சந்தாவும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுமாக 590 ரூபாய் தட்சிணை பெற்றுக்கொண்டு வந்தது.

என் உத்தேசத்தைக் கேட்டவுடன், ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்க்கும் என் தம்பியின் மகன், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“பெரியப்பா, எதை வேணும்னாலும் மூடுங்க, அதை மட்டும் மூடிடாதீங்க. உங்க பழைய கார்டே அதுதான். மூடினா சிபில் அடி வாங்கிடும்!”

“அதென்னடா அநியாயம்? கடன் வேண்டாம்னு சொல்றவருக்கு அபராதமா?” என்று அடுக்களையிலிருந்து என் சகதர்மிணி கேட்ட கேள்விக்கு, இந்திய நிதி உலகம் இன்றுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

இந்தச் சிபில் என்பது 2000-ஆம் ஆண்டில் மும்பையில் ஸ்தாபிக்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். அதற்கு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று மூன்று சகபாடிகள் இருந்தாலும், நம் ஜனங்கள் நால்வரையும் சிபில் என்ற ஒரே திருநாமத்தால்தான் அழைக்கிறார்கள். நாம் எப்போது எவ்வளவு கடன் வாங்கினோம், தவணையை எந்தத் தேதியில் கட்டினோம், எதை இழுத்தடித்தோம் என்பனவற்றையெல்லாம் வங்கிகள் எழுதி அனுப்ப, அவற்றைக் கூட்டிக் கழித்து 300-க்கும் 900-க்கும் இடையே ஓர் எண்ணை நம் நெற்றியில் எழுதுவது இவர்களுடைய தொழில். கணக்கைப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் முந்நூறில் ஆரம்பித்திருப்பது, எவ்வளவு கொடிய கடனாளியானாலும் அவன் மனம் அடியோடு நோகக் கூடாது என்ற தாட்சண்யத்தினால் போலும்.

இந்த எண்ணுக்கும் நம் யோக்கியதைக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்பதை அறிய விரும்புகிறவர்கள் என் மைத்துனரைப் பார்க்க வேண்டும். ஆயுளில் ஒரு ரூபாய் கைமாற்றுக்கூட வாங்காதவர் அவர். ஸ்கூட்டரை ரொக்கம் கொடுத்து வாங்கினார். வீட்டை, செங்கல்லுக்குக் காசு சேர்ந்தால் செங்கல், மணலுக்குச் சேர்ந்தால் மணல் என்று நிதானமாகக் கட்டி முடித்தார். இப்பேர்ப்பட்ட புருஷோத்தமர் மகனுடைய மேற்படிப்புக்காக முதன்முதலில் வங்கிப் படியேறியபோது, அங்கிருந்த கணினி அவருக்கு அளித்த மதிப்பெண் -1. ‘கடன் வரலாறு இல்லை’ என்பதற்கு அதுதான் அடையாளமாம். அவருடைய எதிர்வீட்டில் குடியிருக்கும் வாலிபரோ, பல் துலக்கும் மின்சாரப் பிரஷ்ஷைக்கூட இ.எம்.ஐ.யில் வாங்கும் சுபாவமுடையவர். ஆனால் தவணை தவறாதவர். அவருக்கு 790. ஃபிக்ஸட் டெபாசிட்டும் சம்பளமும் அந்த எண்ணின் கணக்கில் சேருவதே இல்லை என்று என் தம்பி மகன் விளக்கியதைக் கேட்ட பிறகு, மைத்துனர் சில தினங்கள் எவருடனும் பேசவில்லை.

அட்டையை மூடுவதில் உள்ள அபாயத்துக்கு அவன் இரண்டு காரணங்கள் சொன்னான். முதலாவது, வயது. நெடுங்காலமாக ஒழுங்காக நடந்துவரும் கணக்கு ஒருவனுக்குப் பெருமை சேர்ப்பதால், அதை மூடினால் பெருமையும் போய்விடும் என்றான். இதில் பாதிதான் உண்மை. மூடிய கணக்கை மறுநாளே அழித்துவிட யாருக்கும் அதிகாரமில்லை. நம் நாட்டு விதிகளின்படி குறைந்தது 7 ஆண்டுகள் அந்தத் தகவல் பாதுகாக்கப்பட வேண்டும். இந்தப் பீதியெல்லாம் கப்பலேறி வந்த அமெரிக்காவிலேயே, 1989 முதல் வழங்கிவரும் ஃபைக்கோ மதிப்பெண்ணில், ஒழுங்காக மூடிய கணக்கு 10 ஆண்டு வரை அறிக்கையில் இருந்து, வயதுக் கணக்கிலும் சேர்கிறது. அந்த ஊரில் வயதுக்கு உள்ள பங்கும் சுமார் 15 சதவீதந்தான். வேளைக்குப் பணம் கட்டுவதற்கு 35 சதவீதம். நம்மூர் நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை முழுதாக வெளியிடுவதில்லை. ரகசியமாக இருக்கும் சாஸ்திரத்துக்குத்தானே பயமும் பக்தியும் அதிகம்!

இரண்டாவது காரணந்தான் மெய்யாகவே கடிக்கக்கூடியது. பழைய அட்டைக்கு ஒன்றரை லட்சமும், நான் அன்றாடம் உபயோகிக்கும் மற்றோர் அட்டைக்கு 50,000-மும் வரம்பு. மளிகை, மருந்து, மின்சாரம் எல்லாமாக மாதம் 30,000 ரூபாய் செலவாகிறதென்றால், இரண்டு லட்சத்தில் அது 15 சதவீதம். பழையதை மூடிவிட்டாலோ, அதே 30,000 இப்போது 50,000-இல் 60 சதவீதமாகிவிடும். அண்டாவின் அடியில் கிடந்த சாம்பாரைச் சின்னச் சட்டிக்கு மாற்றினால் விளிம்புவரை வந்து நிற்குமல்லவா, அதைப்போலத்தான். சாம்பார் ஒரு கரண்டிகூடக் கூடவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்கள். முப்பது சதவீதத்துக்குள் இருப்பது உத்தமம் என்பது இத்துறையில் எல்லோரும் ஓதும் உபதேசம். மாதந்தோறும் பைசா பாக்கியின்றிக் கட்டிவிடுகிறவனுக்கும் இதிலிருந்து விமோசனம் இல்லை. ஏனெனில் பில் தயாராகும் நாளில் எவ்வளவு நிலுவை நின்றதோ, பெரும்பாலும் அதுவே மேலிடத்துக்குப் போகிறது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகும் நான் அட்டையை மூடுவதென்றே தீர்மானித்தேன். வீட்டுக் கடன் வாங்கும் வயதும் எனக்கில்லை. கார் வாங்கினால் ஓட்டும் கண்ணுமில்லை. ஆபரணமாக அணிந்துகொள்ளவும் முடியாத ஓர் எண்ணுக்காக வருஷத்துக்கு 590 ரூபாய் கப்பம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வங்கியின் தொலைபேசி எண்ணை அழைத்தேன். புதிய அட்டை வேண்டுமா, இதை அழுத்து. கடன் வேண்டுமா, அதை அழுத்து. அட்டை தொலைந்துவிட்டதா, வேறொன்றை அழுத்து என்று சகல பாக்கியங்களுக்கும் ஒவ்வோர் எண் வகுத்திருந்த அந்த அசரீரி, விடைபெற விரும்புகிறவனுக்கு மட்டும் எண் எதுவும் ஒதுக்கவில்லை. நீண்ட நேரம் சங்கீதம் கேட்ட பிறகு, தேன் குரலில் ஒரு பெண் வந்தாள்.

“கார்டை ஏன் சார் க்ளோஸ் பண்றீங்க? எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையா சார்?”

“குறை ஒன்றுமில்லை அம்மா. உபயோகமில்லை.”

“இந்த வருஷச் சந்தாவைத் தள்ளுபடி பண்ணிடறேன் சார்.”

“அடுத்த வருஷம்?”

ஒரு கணம் மௌனம். பிறகு, “சார், உங்களுக்கு நாலு லட்சம் வரைக்கும் பர்சனல் லோன் ரெடியா இருக்கு சார். டாக்குமெண்டே வேண்டாம்” என்றாள். கடன் சகவாசமே வேண்டாமென்று கும்பிடு போட வந்தவனுக்கு வழிச்செலவாக நாலு லட்சம் கடன் கொடுத்தனுப்பும் அந்தப் பெருந்தன்மையை, கர்ணன் சரித்திரத்திலும் காண்பது அரிது. நான் மெதுவாக, ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு உத்தரவை நினைவூட்டினேன். பாக்கியெல்லாம் தீர்த்தவன் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் கணக்கை மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவனுக்கே கொடுக்க வேண்டும். தேன் குரலில் தேன் சற்றுக் குறைந்தாலும், என் கோரிக்கை உடனே பதிவாயிற்று.

அதோடு முடிந்ததா? சில்லறைக் கணக்கில் நான் எப்போதோ அதிகமாகக் கட்டியிருந்த சில ரூபாய் என் பேரில் வரவாக நின்றதாம். அதை என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டியது விதியாதலால், ரத்து செய்த காசோலை ஒன்றின் பிரதி வேண்டுமென்று மின்னஞ்சல் வந்தது. அந்தத் தொகை ஒரு மசால் வடைக்கும் பற்றாது. எனினும் சட்டத்தை மதிப்பவன் என்ற முறையில் காசோலையை ரத்து செய்து அனுப்பி, பணத்தைப் பெற்றுக்கொண்டேன்.

மதிப்பெண் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது. தம்பி மகன் வெற்றிப் புன்னகையுடன் அதைக் கைபேசியில் காட்டினான். பிறகு அவனே சொல்லிக்கொடுத்த உபாயப்படி, மற்ற அட்டையின் பில் தயாராவதற்கு முன்னரே பாதிப் பணத்தைக் கட்டிவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒரு தடவை தகவல் அனுப்ப வேண்டியிருந்ததால், எண் சீக்கிரமே பழைய ஸ்தானத்துக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. என்னை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று கவலைப்பட வேண்டியவர்கள் வங்கிக்காரர்கள். அவர்களுடைய கவலையை அளக்கும் கருவியை நான் ஏன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்?

வாசகர்களில் சில மாதங்களுக்குள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள், அது கைக்கு வரும்வரை பழைய அட்டையின்மேல் கை வைக்க வேண்டாம். சந்தா இல்லாத அட்டையானால் அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஓராண்டுக்கு மேல் தொடாமலிருந்தால், தகவல் அனுப்பி 30 நாள் பார்த்துவிட்டு வங்கியே மூடிவிடலாம் என்பதால், எப்போதாவது ஒரு முறை தேய்த்து வையுங்கள். மற்றவர்கள் தாராளமாக மூடலாம். அட்டையைக் கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போடுவதோடு நின்றுவிடாமல், பாக்கியில்லை என்று எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு, அறிக்கையில் அக்கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை அந்த நான்கு நிறுவனங்களும் கேட்டவர்க்கு இலவசமாகவே தர வேண்டும்.