காயட்டும்

"ரப்பர் ஸ்டாம்ப் குத்தி உள்ளே கலர் அடிக்கிறதுதானே?" என்று நேற்று கல்யாணப் பந்தியில் அத்தை மகள் கேட்டாள். அவளுக்குப் பொங்கலுக்கு நான் அனுப்பிய செம்பருத்தி கார்டைப் பற்றித்தான். வாயில் ஜாங்கிரி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

1843-இல் லண்டனில் ஹென்றி கோல் விற்பனைக்கு விட்ட முதல் கிறிஸ்துமஸ் கார்டும் இதே வேலைதான். கோடு அச்சு, நிறம் கையால். ஒன்று ஒரு ஷில்லிங். அவருக்கு அத்தை மகள் இருந்தாளோ என்னவோ.

இதழுக்கு நிழல் வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் காய வேண்டும்.

ஸ்டாம்ப் மை காய வேண்டும். அதுவும் தண்ணீருக்குக் கரையாத மையாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பிரஷ் பட்டதுமே செம்பருத்திக்குத் துக்கம் வந்து சாம்பல் பூத்துவிடும். அப்புறம் ஒரு இதழ். அது ஈரமாக இருக்கும்போது பக்கத்து இதழைத் தொட்டால் இரண்டும் கூடிக் குலாவிவிடும். ஆகவே ஒன்று விட்டு ஒன்று. ஆறிதழ் லில்லி என்றால் இரண்டே சுற்று. செம்பருத்திக்கோ ஐந்து இதழ்! ஒன்று, மூன்று தீட்டியாயிற்று, ஐந்தைத் தொடலாமா? அது ஒன்றுக்குப் பக்கத்து வீடு. காயட்டும். பிறகு இரண்டு, நான்கு. காயட்டும். கடைசியில் அநாதையாக ஐந்து. அதுவும் காயட்டும். இறைவன் கணக்கில் புலி. கார்டு செய்கிறவளைத்தான் யோசிக்கவில்லை.

ஃபேன் போட்டால் குட்டை குட்டையாக நின்ற நிறம் ஓரத்துக்கு ஓடிக் கோடு கட்டுகிறது. நிறுத்தினால், சென்னையில், நெற்றி வியர்வை கார்டில் சொட்டுகிறது. ஈர நிறத்தில் உப்பைத் தூவினால் பூப்பூவாகத் திரியும் என்பார்கள். என் வியர்வையில் உப்புக்குக் குறைவில்லை. பூ ஒன்றும் வரவில்லை, ஓட்டைதான் வந்தது.

காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. "காஞ்சிடுச்சே!" என்று கட்டைவிரலை வைத்தார். இரண்டாம் இதழில் இப்போது அவர் கைரேகை, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்த மாதிரி தெளிவாக.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். ஹேர் டிரையரை எடுத்துவரச் சொன்னேன், மகள் அதைத் தன் தலைக்கே பிடித்துக்கொண்டிருக்கிறாள். இருங்கள், பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.