குரலுக்கு ஒரு பனியன்

தமிழ்நாட்டு நகரங்களில் அண்மைக் காலத்தில் தோன்றி, சமூகவியலாளர் பார்வை இன்னும் உரியவாறு படாத வகையினருள், பாட்காஸ்ட் நடத்திப் பனியன் விற்பவர் தனித்து ஆராயத்தக்கவர். பாட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சியின் இயல்புடையதாயினும் வானொலி நிலையத்தின் தயவு வேண்டாத ஒலித்தொடர். இணையத்தில் ஏற்றி வைக்கப்பட்ட அதன் பகுதிகளைக் கேட்பவர் தமக்கு வாய்த்த பொழுதில், பாத்திரம் துலக்கும்போதோ வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் நின்றுகொண்டு போகும்போதோ கேட்டுக்கொள்வர். 2004-ஆம் ஆண்டில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் லண்டன் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் இப்பெயர் அச்சேறியது என்பதும், மறு ஆண்டே ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்தது என்பதும் வரலாறு. அந்த வரலாற்றின் ஒரு கிளை பழைய மகாபலிபுரம் சாலையையொட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் துணி அலமாரிக்குள் வந்து முடிகிறது. எதிரொலியைத் தடுக்கத் தலையணைகளையும் ஜமக்காளங்களையும் சுற்றிலும் அடுக்கி, இரைச்சல் பதிவாகாதிருக்க மின்விசிறியை நிறுத்தி, சித்திரை மாதத்து இரவில் ஒரு மணி நேரம் அந்த அலமாரிக்குள் அமர்ந்து பேசுபவரே இங்கு ஆய்வுக்குரியவர். பகலில் அவர் மென்பொருள் நிறுவன ஊழியர். அவருடைய தொடரின் பெயரில் ‘டீ’, ‘மொட்டைமாடி’, ‘சும்மா’ ஆகிய மூன்று சொற்களுள் ஒன்றேனும் இருக்கும். மூன்றும் சேர்ந்திருப்பதும் உண்டு.

இவர் பனியனுக்கு வந்து சேர்வதற்குக் கூறப்படும் காரணம் வருவாய். விளம்பரதாரர் இத்தகைய தொடர்களுக்குத் தரும் தொகை ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், பகுதி ஒன்றுக்கு 340 பதிவிறக்கம் உள்ளவருக்கு அந்தக் கணக்கின் அலகே எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒரு நிமிட அளவுக்கு ஒலி இறங்கினாலே அதை ஒரு பதிவிறக்கமாகக் கொள்வது இத்துறை வழக்கமாதலால், தொடக்க இசையையும் ‘வணக்கம் மக்களே’யையும் கேட்ட அளவில் அணைத்துவிட்டு எழுந்து போனவர்களும் அந்த 340-க்குள் அடங்குவர் என்பது தனிச் செய்தி. இந்நிலையில்தான் கெவின் கெல்லி என்னும் அமெரிக்க எழுத்தாளரின் கொள்கை அவருக்கு அறிமுகமாகிறது. ஆயிரம் மெய்யன்பர்கள் இருந்து, அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஆண்டுக்கு நூறு டாலர் ஆதாயம் வருமாயின் கலைஞன் ஒருவன் அதைக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்று கெல்லி 2008-இல் எழுதினார். கட்டுரை முழுவதையும் படிக்க நேரமில்லாத நம்மவர், தம்மிடம் ஆயிரத்தில் மூன்றிலொரு பங்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வருகிறார். கைப்பேசியில் ஒரு முறையும் டேப்லெட்டில் ஒரு முறையும் கடமைக்காக இறக்கி வைக்கும் மனைவி இக்கணக்கில் இரண்டு மெய்யன்பர்.

பெயரை அச்சடித்து விற்கும் தொழிலுக்கு நெடிய மரபு உண்டென்பதை அவர் தம் கூட்டாளியிடம் அடிக்கடி எடுத்துரைப்பார். கூட்டாளி என்பவர் தொடரில் எதிரே அமர்ந்து ‘கண்டிப்பா, கண்டிப்பா’ என்று சொல்லும் பொறுப்புடையவர். எல்விஸ் பிரெஸ்லியின் மேலாளர் டாம் பார்க்கர் 1956-இல் அப்பாடகரின் பெயரை உதட்டுச்சாயம் முதல் காலணி வரை பதித்து விற்க ஏற்பாடு செய்ததோடு நில்லாமல், எல்விஸை வெறுப்பவர்களுக்கென்று ‘வெறுக்கிறேன்’ என அச்சிட்ட வில்லைகளையும் விற்று அப்பணத்தையும் உள்ளே கொண்டுவந்தார். இவ்வுத்தி நம்மவருக்குப் பயன்படாது; அவரை வெறுக்கும் அளவுக்கு எவரும் தொடர்ந்து கேட்பதில்லை. அமெரிக்கப் பொது வானொலி நிலையங்கள் நன்கொடை தந்தவர்களுக்குத் துணிப்பை வழங்கும் வழக்கத்தை அவர் மேற்கோள் காட்டி, ‘டோட் பேக்’ என்ற பெயரில் அதே துணிப்பைக்கு 399 ரூபாய் விலை வைக்கிறார். திருமண வீடுகளில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு மணமக்கள் பெயர் அச்சிட்ட அதே அளவுள்ள பையை வாசலில் நின்று வலியக் கையில் திணித்து அனுப்பும் நாட்டில், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிய மாநிலத்தில், பைக்கு விலை வைப்பதற்குத் தனித் துணிவு வேண்டும். தமிழகத்தின் மெய்யான முன்னோடி கட்சிக் கரை வேட்டி என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கரையின் நிறத்தைக் கண்ட அளவிலேயே உடுத்தியவரின் கொள்கை, கூட்டணி, தேநீர்க் கடையில் அவரோடு பேசக்கூடாத பொருள்கள் ஆகிய அனைத்தும் விளங்கிவிடுமாதலால், அவ்வேட்டிக்கு விளக்கவுரை தேவைப்பட்டதேயில்லை.

நம்மவரின் பனியனுக்கோ விளக்கவுரை இன்றியமையாதது. அதில் அச்சிடப்படும் வாசகம் தொடரின் பதினேழாம் பகுதியில், நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில், கூட்டாளி வாய் தவறிச் சொன்ன ஒரு தொடராகவே பெரும்பாலும் அமையும். உள்வட்டத்தாருக்கு மட்டும் புரியும் நகைச்சுவையே அன்பர்களைப் பிணைக்கும் என்பது இத்துறையினரின் உறுதியான நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் உள்வட்டம் என ஒன்று அமைய வெளிவட்டம் சற்றேனும் பெரிதாக இருக்க வேண்டும். ‘கொசு கேக்குது, குறைச்சுப் பேசு’ என்று மார்பில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகும் அன்பர், மாநகராட்சிச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவராகக் கருதப்பட்டுச் சாக்கடை அடைப்புக் குறித்த முறையீடுகளைக் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்.

வாசகம் தமிழில் இருப்பதால் வேறொரு இடரும் நேர்கிறது. இந்திய எழுத்துகளை முறையாகக் கோக்கத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ‘கொ’ என்று உள்ளிட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி, எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிவிட்டால் இவ்விபத்தைத் தவிர்க்கலாம் என்பது அச்சுத் தொழிலின் பாலபாடம். அது ஐம்பது பனியன்கள் அச்சான பிறகே கற்கப்படுகிறது. எழுத்து சரியாக வந்த இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கும். இது குறித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து மூன்று பக்கக் கடிதம் வருகிறது. வல்லெழுத்து மிகும் இடங்களை விதியோடு பட்டியலிட்ட அக்கடிதத்தின் நடுவே பதினேழாம் பகுதியிலிருந்து எடுத்துக்காட்டும் தரப்பட்டிருப்பதால், தொடரை முழுமையாகக் கேட்டு வருபவர் உலகில் ஒருவர் உண்டு என்பது அன்றுதான் ஆவணப்பூர்வமாக உறுதிப்படுகிறது.

திருப்பூர்ப் பயணம் இவ்வகையினரின் வாழ்வில் ஒரு திருப்புமுனை. கேட்டபின் அச்சடித்து ஒவ்வொன்றாக அனுப்பித் தரும் நிறுவனங்கள் இருந்தும், கையில் இருப்பு இல்லாதவனுக்குப் பிராண்டு ஏது என்று கருதி அவர் நேரே பனியன் கம்பெனிக்குச் செல்கிறார். அங்கே அவர் முதலில் கற்கும் கலைச்சொல் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடையுள்ளது என்பதைக் குறிக்கும் அளவு அது. வழக்கமான பனியன் துணி 160, 180 என்ற அளவில் இருக்க, தோள் தொங்கும் தொளதொளப் பாணிக்கு 220, 240 என ஏறும். அடுத்தது பயோ வாஷ். நொதி கலந்த நீரில் துணியைச் சலவை செய்து மேற்பரப்பின் நுண்ணிழைகளைக் களைந்து வழவழப்பாக்கும் முறை. திரை அச்சில் நிறம் ஒன்றுக்குச் சட்டம் ஒன்று செய்தாக வேண்டுமாதலால் ஒரு பனியன் அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் சட்டச் செலவு மாறுவதில்லை, ஆகவே குறைந்தது இத்தனை எடுத்தால்தான் கட்டுபடியாகும் என்பது மூன்றாம் பாடம். அந்திவானத்தின் ஏழு நிறங்களும் ஒன்றிலொன்று கரையும் மொட்டைமாடிக் காட்சியை மடிக்கணினியில் திறந்து காட்டும் இவரிடம் கம்பெனிக்காரர், “ஏனுங்க தம்பி, இத்தனை கலரு எதுக்குங்க? வெள்ளையில ஒரே கலரா அடிச்சுக்கலாமுங்க, துவைச்சாலும் நிக்குமுங்க” என்று சொல்வது கலைக்கு எதிரான கருத்தாகத் தோன்றினாலும், ஏழு சட்டத்துக்கான விலையைக் கேட்டவுடன் கலைஞரும் அவ்விடத்திலேயே எளிமையின் அழகை உணர்ந்துவிடுகிறார்.

அளவு விஷயத்தில் மட்டும் அவர் வளைந்து கொடுப்பதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது, மிகப் பெரிது என்னும் நான்கும் 1:2:2:1 என்ற விகிதத்தில் வெட்டப்படுவது திருப்பூரின் பழகிய வழக்கம். இதை அங்கே ‘ரேஷியோ’ என்பர். நம்மவர் அனைவரும் சமம் என்ற கொள்கையால் நான்கையும் ஒரே எண்ணிக்கையில் எடுக்கிறார். சிறிய அளவில் மீந்தவை சமத்துவத்தின் சாட்சியாகக் கட்டிலுக்கடியில் நெடுங்காலம் இருக்கின்றன. நிறம் கறுப்பு. தொடர் நடத்துவோர் அனைவருக்கும் கறுப்பே அழகு என்று தோன்றுவதன் காரணம் ஆராயப்பட வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக அதை உடுத்திக்கொண்டு வெளியே போக எந்தத் தாயும் இசைவதில்லை என்பது விற்பனைக் கணிப்பில் சேர்க்கப்படுவதில்லை. இவற்றோடு, சட்டையோடு தலைமூடியும் கொண்ட ஹூடி என்னும் கம்பளிக்கு அடுத்த நிலை ஆடை, அமெரிக்கத் தொடர்கள் விற்கின்றன என்ற ஒரே காரணத்தால், கத்திரி வெயில் காயும் சென்னையில் வெளியிடப்படுகிறது. மார்கழி மாதத்துச் சபாக்களின் குளிர்சாதனத்தை எண்ணி அதை வாங்கிய மாமி ஒருவர் உண்டு. குவளை, ஒட்டுப்படம் முதலியன பற்றி எழுத ஒன்றுமில்லை. குவளை உடைந்தது, ஒட்டுப்படம் மடிக்கணினியில் இருக்கிறது.

விற்பனை தொடங்கிய வாரத்தில் தொடரின் பகுதி முழுவதும் பனியனைப் பற்றியதாகவே அமைந்து, கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைக் காதால் கேட்கும் ஊடகத்தில் நாற்பது நிமிடம் வருணிக்கும் அரிய இலக்கிய முயற்சியாக நிறைவுறுகிறது. ஆர்டர்கள் வருகின்றன. வந்தவற்றுள் பொருள் கைக்கு வந்தபின் பணம் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் பலர், கூரியர்க்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமலோ, இருந்தும் இல்லையென்றோ திருப்பி அனுப்பிவிடுவதால், போன கூலியும் வந்த கூலியும் நம்மவர் தலையில் விழுகின்றன. பெங்களூரில் இருக்கும் மாமன் மகன் காசு கொடுத்து ஒன்று கேட்கும்போது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்று கணக்காயர் எச்சரிக்கிறார். பனியன் ஐந்து விழுக்காட்டு வரிக்குரியது என்பது ஆறுதலாக இருந்தாலும், ஒரு மாமன் மகனுக்காக மாதந்தோறும் வரிப் படிவம் நிரப்புவதா என்ற கேள்வி எழுந்து, பனியன் அவனுக்கு அன்பளிப்பாகிறது. உள்ளூர் உறவினர் காசு என்ற பேச்சுக்கே இடம் வைப்பதில்லை. “நம்ம பையன் போடுற பனியன், நமக்கு இல்லாததா?” என்று எடுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை வாங்கியவர்களின் எண்ணிக்கையை முந்திய பிறகு கணக்குப் பார்ப்பது நிறுத்தப்படுகிறது.

இவ்வளவும் அறிவீனம் என்று ஒதுக்குவது எளிது. அது முழுமையான ஆய்வாகாது. குரல் என்பது கையில் பிடிபடாத பொருள். இரண்டாண்டுக் காலம் அலமாரிக்குள் வியர்த்துப் பேசியவரிடம், மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தந்தை “அது என்ன வேலைப்பா?” என்று கேட்டபோதெல்லாம் விடையாகக் காட்ட ஒன்றும் இருந்ததில்லை. தொடரைக் காட்டினால் அவர் காதில் வைத்துச் சிறிது கேட்டுவிட்டு, “யாரோ ரெண்டு பேர் போன்ல பேசிக்கிறாங்க” என்று திருப்பித் தந்துவிடுவார். திருப்பூரிலிருந்து மூன்று சிப்பம் வந்து கூடத்தில் இறங்கிய அன்று நிலைமை மாறியது. தந்தை சிப்பத்தைப் பிரித்து, துணியை இரு விரலால் தேய்த்துப் பார்த்து, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்ல துணிதான்” என்றார். மாலைக்குள் நீள நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கப்பட்டு, வரவு, பற்று, இருப்பு என்று கோடு கிழிக்கப்பட்டது. எதிர்வீட்டு அம்மாளிடம், “தம்பி திருப்பூர்ல பனியன் பிசினஸ் பண்றான்” என்று தாய் கூறும் குரலில், மகனுக்குக் கடைசியில் ஒரு தொழில் அமைந்த நிம்மதி தெரிந்தது. 340 பதிவிறக்கங்களால் பெற முடியாத குடும்ப அங்கீகாரத்தை 180 ஜிஎஸ்எம் துணி ஒரே நாளில் பெற்றுத் தந்தது; விற்காமல் கிடக்கும் இருப்பை இவ்வகையினர் நட்டமாகப் பேசாமலிருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

முதல் மொத்த ஆர்டரும் அவ்வழியே வருகிறது. ஊரில் ஆடித் திருவிழாவை முன்னின்று நடத்தும் சித்தப்பா, இளைஞர் குழுவுக்கு நூற்றிருபது பனியன் வேண்டும் என்று கைப்பேசியில் அழைக்கிறார். நிறம் மஞ்சள், மார்பில் அம்மன் பெயர், முதுகில் உபயதாரர் பெயர். ஒரே நிற அச்சு, 1:2:2:1 ரேஷியோ, முழுப் பணமும் முன்கூட்டியே. கை ஓரத்தில் தொடரின் சின்னத்தைச் சிறிதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று நம்மவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

“கையில இடம் இல்லப்பா,” என்கிறார் சித்தப்பா. “அங்க ரைஸ் மில்காரர் பேரு வருது. உனக்கு வேணும்னா உள்பக்கம் லேபிள்ல போட்டுக்கோ.”

லேபிளுக்குத் தனிச் செலவு எவ்வளவு என்று திருப்பூருக்குக் கேட்டெழுதப்பட்டிருக்கிறது.