குளத்தில் நின்று வாடும் செம்பருத்தி

கே: ஐப்பசி மழையில் தோட்டத்தில் கணுக்கால் தண்ணீர். ஆனாலும் செம்பருத்தி வாடுகிறது. இது என்ன நியாயம்? – வேளச்சேரி வாசகி

ப: வேரின் நியாயம். அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் அந்தக் காற்று இருக்கும். மழை தேங்கினால் சந்தெல்லாம் நீர். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் ஏறத்தாழ 10,000-ல் ஒரு பங்குதான். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. செடி குளத்தில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். வாட்டத்தைப் பார்த்து நீங்கள் மேலும் ஒரு வாளி ஊற்றவில்லையே? ஊற்றவில்லை என்றால் நம்புகிறேன், அரைமனதாக.

கே: பிழைக்குமா?

ப: நீர் வடிந்ததும் ஓரமாகக் கிளறி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறி, தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். பிழைக்கும் செடிக்கு, காய்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டுச் சும்மா இருங்கள். யூரியா வேண்டாம், சாப்பிட வாயில்லாதவருக்கு விருந்து எதற்கு? மட்கிய தொழுவுரத்தோடு, வேரழுகலை எதிர்க்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போடலாம். அதே கையோடு பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஊற்றினால், வேலைக்கு வைத்தவரை நீங்களே தீர்த்துக் கட்டியதாகும்.

கே: களிமண்ணை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, குழி நிறையச் செம்மண், மணல், எரு கொட்டி ரோஜா நட்டேன். முதல் மழையிலேயே போய்விட்டது. – பள்ளிக்கரணை வாசகர்

ப: நீங்கள் நட்டது ரோஜா, வெட்டியது கிணறு. சுற்றிலும் நீரை விடாத களிமண், நடுவில் பொலபொலவென்ற மண். அக்கம்பக்கத் தண்ணீர் முழுக்க உங்கள் குழிக்குத்தான் வரும். அதுவும் பள்ளிக்கரணையில்! 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கிறது. நீர் நிற்பது அந்த ஊரின் சுபாவம்.

நடும் முன் ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் கீழே தோண்டாதீர்கள், மேலே ஏறுங்கள். இருக்கிற மண்ணைக் கொத்தி, மட்கிய எரு கலந்து, ஒன்று ஒன்றரை அடிக்குச் சரிவான மேடு போடுங்கள். செங்கல் அடுக்கினால் அடிவரிசையில் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் தொட்டிதான். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் புதையக் கூடாது.

கே: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்கிறார் மாமனார்.

ப: மறுத்துப் பேசாதீர்கள், ஆனால் போடாதீர்கள். மேலே உள்ள நுண்ணிய மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகே ஜல்லிக்கு நீர் இறங்கும். அதுவரை ஈரம் வேரோடுதான் குடியிருக்கும். துவாரத்தின் மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

கே: இட்லிப் பூச் செடியில் இலையெல்லாம் மஞ்சள். மழைதான் காரணமா?

ப: எந்த இலை? கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. சுவரோரத்துச் சிமெண்டும் சுண்ணாம்பும்கூடக் காரணமாகலாம். அடியிலை முழுதாக மஞ்சளித்து உதிர்ந்தால், மழையின் மேல் பழி போடலாம்.

கே: மேடு போட வசதியில்லை. ஈரத்திலேயே நிற்கிற செடி ஏதாவது?

ப: கல்வாழை, சேம்பு, வெட்டிவேர். புதராக வேண்டுமென்றால் நொச்சி. இடமும் முள்ளைத் தாங்கும் மனமும் இருந்தால் தாழை. மல்லிகை இருந்தால் அதைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கே: எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் எப்போது வரும்?

ப: இது தோட்டப் பகுதி. ராசிபலன் இரண்டு பக்கம் தள்ளி இருக்கிறது.