வெறுந்தேத்தண்ணிக் கிளாஸின் நிறைவு: ஒரு மாறற்றிறன் பகுப்பாய்வு

தேத்தண்ணிக் கிளாஸ் எதுவரை நிரம்ப வேண்டும் என்பது ஆலையடிவேம்பில் இன்னும் தீராத பிரச்சினை. வாதங்களுக்குக் குறைவில்லை; முறையியலுக்குத்தான் பஞ்சம். கோளாவிலில் ஒன்று, பனங்காட்டில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று என மூன்று கற்பனைக் கடைகளை வைத்துக்கொள்ளலாம். "அவர்ர கடையிலதான் நிறைய ஊத்துறாங்க" என்று சாதிப்பவர், பெரும்பாலும் அன்று காலை குடித்த ஒரேயொரு கிளாஸை வைத்தே சாதிக்கிறார்.

கடைகளைச் சோடி சோடியாக ஒப்பிடுவது பாமரர் வழி. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் 5 சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்தால், மூன்று ஒப்பீடுகளில் ஒன்றாவது பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம். ஆறு கடைகள் என்றால் பதினைந்து சோடிகள். அப்போது இல்லாத வேறுபாடொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வீடு திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடும்.

இதற்கு மாற்று வழியை வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். 1925இல் வந்த அவரது நூல் மாறற்றிறன் பகுப்பாய்வு என்னும் இம்முறையைப் பரப்பியது. அங்கே உடன் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் விழுந்தது பாலா தேயிலைச் சாறா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றதும், அதற்கும் ஒரு பரிசோதனை அமைத்தவர் அவர். ஆகவே தேத்தண்ணி இத்துறைக்கு அந்நியமன்று.

கடைக்குக் கடை உள்ள வேறுபாட்டை, ஒரே கடைக்குள் கிளாஸுக்குக் கிளாஸ் உள்ள வேறுபாட்டால் வகுப்பதே முறை. கடைக்கு மூன்று கிளாஸ் அளந்ததில் நம் மூன்று கடைகளின் சராசரிகள் முறையே 150, 154, 158 மில்லிலீற்றர் என்று கொள்க. ஒவ்வொரு கடையிலும் ஒரு கிளாஸ் சராசரிக்கு 2 மில்லிலீற்றர் கீழே, ஒன்று சரியாக, ஒன்று 2 மேலே. கடைகளுக்கிடையிலான சராசரி வர்க்கம் 48, கடைக்குள் 4, விகிதம் 12. எல்லைப் பெறுமானமான 5.14ஐ இது தாண்டுகிறது. இனி, சராசரிகளைத் தொடாமல் ஊற்றுபவரின் கையை மட்டும் நடுங்க விடுவோம்: கீழும் மேலும் 10 மில்லிலீற்றர். விகிதம் 0.48 ஆகிவிடுகிறது. அதே சராசரிகள், ஆனால் வழக்கு தள்ளுபடி. கடைக்கார அண்ணாச்சியின் தாராளத்தைவிட, ஊற்றும் பொடியனின் கைதான் தீர்ப்பை எழுதுகிறது.

இந்த விகிதத்துக்கு, ஃபிஷரைக் கௌரவித்து எஃப் என்ற எழுத்தை இட்டவர் ஜோர்ஜ் ஸ்னெடெகோர்.

நிபந்தனைகளும் உண்டு. அளவீடுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். கடைகளின் உட்சிதறல் ஏறக்குறைய சமமாக, இயல்நிலைப் பரம்பலை ஒட்டி இருக்க வேண்டும். முதலாவதுதான் வில்லங்கம். அளவுக்குடுவையோடு ஒருவர் மேசையில் அமர்ந்துவிட்டால் அடுத்த கிளாஸ் வழியும். கடன் கொப்பியில் பெயர் உள்ளவருக்கு வரும் கிளாஸ் வேறு இனம். கடன் உண்டா இல்லையா என்பதைத் தனிக் காரணியாகச் சேர்த்து இருவழிப் பகுப்பாய்வு செய்தல் வேண்டும்.

எங்கோ வேறுபாடு உண்டு என்பதோடு எஃப் நின்றுவிடும். எந்தக் கடை என்று சொல்லாது. அதற்கு ஜோன் டூக்கியின் சோதனை. முதல் எடுத்துக்காட்டில், இரு சராசரிகளிடையே குறைந்தது 5.01 மில்லிலீற்றராவது இடைவெளி வேண்டும் என்கிறது அது. 150க்கும் 158க்கும் அது உண்டு. 154க்கு இரு பக்கமும் இல்லை. எனவே கோளாவில் கடையும் அக்கரைப்பற்றுக் கடையும் வேறு வேறு; பனங்காட்டுக் கடையோ இரண்டிலிருந்தும் வேறென்று நிறுவ முடியாதது.