மேற்கே மலையில்லாத ஊர்

வாசுதேவநல்லூர்க்காரனுக்குத் திசைகாட்டி தேவையில்லை. மலை எந்தப் பக்கம் நிற்கிறதோ அது மேற்கு. எங்கள் வீட்டில் கரண்டி காணாமல் போனால்கூட, "அடுக்களையில மலைப்பக்கம் பாரு" என்றுதான் அம்மா சொல்வாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். கடிகாரம் தப்பினாலும் மலை தப்பாது.

இந்த ஞானத்தோடு 1987 மே மாதம் முட்டத்துக்குக் கிளம்பினோம். ஊரைத் தேர்ந்தெடுத்தது சித்தப்பா. பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை'யை அங்கேதான் எடுத்தார், 'கடலோரக் கவிதைகள்' படமும் அங்கேதான், அந்தப் பாறையில் சும்மா உட்கார்ந்தாலே போதும் என்றார். சித்தி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்று நாள் தங்கலுக்குப் பம்ப் அடுப்பு, அரை மூட்டை அரிசி, பாய் மூன்று, புளியங்குடியில் வாங்கிய எலுமிச்சங்காய் ஒரு பை. ஆச்சிக்கு வெளியூர்த் தண்ணீர் சேராது. அதனால் எங்கள் ஊரில் தலையணை என்கிற அணைக்கட்டில் பிடித்த தண்ணீர் இரண்டு வெள்ளைக் கேன். திருநெல்வேலியில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேட்டார்: "குடி மாறிப் போறீகளா அண்ணாச்சி?"

ஆரல்வாய்மொழி வரைக்கும் மலை ஒழுங்காக வலது பக்கம் கூடவே வந்தது. அங்கே கணவாய். அதைத் தாண்டினால் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவோம். அப்பா சரியாக அந்த இடத்தில் தூங்கிவிட்டார். வினை அங்கேதான்.

முட்டத்தில் வாடகைக்கு வீடு கொடுத்த அம்மாவிடம் ஆச்சி, "உங்க தண்ணி வேண்டாம் தாயி, தலையணையிலேருந்தே கொண்டாந்திருக்கேன்" என்றாள். அந்த அம்மா எங்கள் படுக்கை மூட்டையைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆச்சிக்குக் கடலைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தாள். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு மடையக் காணுமே!"

சாயங்காலம் பாறைமேல் எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் கலங்கரை விளக்கத்துக்கும் அப்பால் தெரிந்த மலையைப் பார்த்து உட்கார்ந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, பொழுது இந்தப் பக்கமாக்கும் அடையும்."

"மலை இங்கல்லா இருக்கு?"

"அது வடகெழக்காக்கும்."

அப்பா அசையவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் செக்கச்செவேலென்று கடலில் முங்கியது. இருட்டிய பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மேகமா இருந்திட்டு, ஒண்ணும் தெரியல" என்றார்.

மறுநாள் வேறொரு சண்டை. அப்பா சீலா மீன் கேட்டார், இல்லை என்றார்கள். கூடையில் சீலாதான் கிடந்தது. அங்கே அதன் பெயர் நெய்மீன். எண்ணெய் காய்ந்து கொண்டிருக்கிறதே என்று அம்மா போய் வாங்கி வந்தாள்.

அன்று மதியமே கொட்டிய மழைதான் அப்பாவுக்கு நிஜமான வயிற்றெரிச்சல். தென்மேற்குக் காற்று மலையில் மோதி இந்தப் பக்கமே முக்கால்வாசியை இறக்கிவிடும். எங்கள் பக்கம் வருவது முகம் துடைக்கிற அளவுக்குச் சாரல். "நம்ம மழையப் பூரா இவனுவதான் வாங்கி வச்சிருக்கானுவ" என்றார். சித்தப்பா சமாதானம் சொன்னார்: "1956 நவம்பர் 1ஆம் தேதி நம்ம செங்கோட்டையும் இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவும் ஒண்ணாத்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலேருந்து நம்மகூடச் சேர்ந்தது அண்ணே. இவங்களும் நம்ம ஆளுகதான்."

"ஆளு வந்தாச்சு. மழை வரலையேடே!"

ஊர் திரும்பும்போது சூரியன் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டதில் அப்பாவுக்கு நாங்குநேரி தாண்டியதுமே முகம் தெளிந்தது. பேச்சும் வந்தது, தாகமும் வந்தது. ஆச்சியின் காலடியிலிருந்த வெள்ளைக் கேனைத் தூக்கி, அண்ணாந்து, மடமடவென்று நாலு மடக்கு.

கண்ணேறு கழிக்க வீட்டைச் சுற்றித் தெளிக்கவென்று ஆச்சி அதில் கடல்தண்ணீர் பிடித்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குமட்டியவரை ஆச்சி கவனிக்கவில்லை. கேனை ஆட்டிப் பார்த்தாள்.

"பாவிப்பய, வாசலுக்கு மட்டுந்தான் காணும்போல!"